பூட்ஸுக்கு அடியில் ஒரு பெயர்

நவராத்திரி வருகிறது. பரணிலிருந்து பொம்மைப் பெட்டி இறங்குகிற காலம். உங்கள் வீட்டிலும் இந்நேரம் யாராவது ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, 'பாத்து, பாத்து, அதுல ராமர் இருக்கார்' என்று கீழே நிற்பவரைப் பதற வைத்துக்கொண்டிருக்கலாம்.

போன வாரம் என் தங்கை போன் செய்தாள். "அண்ணா, அம்மாவோட பொம்மையெல்லாம் ரொம்ப மங்கிப் போச்சு. இங்க ஒருத்தர் வீட்டுக்கே வந்து எடுத்துட்டுப் போய், புதுசு மாதிரி பெயின்ட் அடிச்சுத் தராராம். குடுத்துடட்டுமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த ஐந்தாவது நிமிஷம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ துண்டு வந்தது. கீழே ஒரு வரி. 'இதைப் பாரேன், எவ்வளவு அழகா ரிப்பேர் பண்றார்!'

பார்த்தேன். 'டாய் ஸ்டோரி 2' படத்தில் ஒரு கிழவர், ஒரு பழைய கௌபாய் பொம்மையை ரிப்பேர் செய்கிற காட்சி. 1999-ல் வந்த படம். பல தடவை பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் அந்தக் காட்சியைப் பற்றி என் அபிப்பிராயம் இரண்டு முறை மாறிவிட்டது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களிடம் பேசப் போகிறேன். தங்கைக்கும் அதில் பதில் இருக்கிறது.

*

படம் பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். உட்டி என்பது துணி உடம்பும் பிளாஸ்டிக் தலையும் கொண்ட ஒரு கௌபாய் பொம்மை. ஆண்டி என்கிற பையனுடையது. விளையாடும்போது தோள்பட்டைத் தையல் கொஞ்சம் பிரிந்துவிடுகிறது. அம்மா அதை எடுத்து அலமாரி மேல் தட்டில் வைத்துவிடுகிறாள். அங்கே ஏற்கெனவே ஒரு பென்குயின் தூசியில் உட்கார்ந்திருக்கிறது. அதன் வயிற்றுக்குள் இருந்த பீப்பீ உடைந்து, குரல் போய், யாரும் கவனிக்காமல் விட்டது. வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பனை நடக்கும்போது உட்டி அந்தப் பென்குயினைக் காப்பாற்றப் போய், பொம்மை வியாபாரி ஒருவன் கையில் மாட்டிக்கொள்கிறான். வியாபாரிக்கு அடித்தது லாட்டரி. உட்டி சாதாரணப் பொம்மை இல்லை. ஒரு காலத்தில் டி.வி.யில் சக்கைப்போடு போட்ட தொடரின் நாயகன். முழு செட்டாகச் சேர்த்து ஜப்பானில் ஒரு பொம்மை மியூசியத்துக்கு விற்றால் கொள்ளைப் பணம்.

ஆனால் அதற்குள் கை முழுசாகவே பிய்ந்துவிட்டதே? கிழவரை வரவழைக்கிறான்.

இந்தக் கிழவர் பிக்ஸார் ரசிகர்களுக்குப் பழக்கமானவர். 1997-ல் அவர்கள் எடுத்த 'ஜெரீஸ் கேம்' என்ற குறும்படத்தில் பார்க்கில் தனியாக உட்கார்ந்து, தனக்குத்தானே செஸ் ஆடுவாரே, அவர்தான். ஆஸ்கர் வாங்கிய படம். இங்கே அவருடைய பெட்டியில் ஓர் அறையைத் திறந்தால் செஸ் காய்கள் தெரியும். கவனித்தவர்களுக்கு மட்டும் ஒரு குறும்பு.

பெட்டி திறக்கிறது. முடிவெட்டும் கடை நாற்காலி மாதிரி ஒரு குட்டி நாற்காலி. பஞ்சுக் குச்சியால் கண்ணைத் துடைக்கிறார். காதைக் குடைகிறார். ஊசியில் நூல் கோத்துக் கையைத் தைக்கிறார். மங்கிய இடங்களில் வர்ணம் பூசுகிறார். கடைசியில் பொம்மையைத் திருப்பி, பூட்ஸின் அடிப்பாகத்தைப் பார்க்கிறார். அங்கே ஆண்டி தன் குழந்தைக் கையெழுத்தில் பெயர் எழுதி வைத்திருக்கிறான். பிரஷ்ஷை எடுக்கிறார். நாலு இழுப்பு. பெயர் போச்சு.

முதல் தடவை பார்த்தபோது இந்தக் காட்சி எனக்கு வெறும் ஆனந்தமாக இருந்தது. வேலை தெரிந்த கை வேலை செய்வதைப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு. தையல்காரர் காஜா எடுப்பதை, வாட்ச் ரிப்பேர்காரர் ஒற்றைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிவதை, நாம் எல்லோரும் வாய் திறந்து பார்த்தவர்கள்தானே. அவசரப்படுத்தும் வியாபாரியைக் கிழவர் மதிக்காததும் பிடித்திருந்தது.

இரண்டாம் முறை பார்த்தபோது அந்த நாலு இழுப்பு உறுத்தியது. எனக்கு ஏன் உறுத்தியது என்பதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

*

இந்தக் காட்சிக்கு இன்று இணையம் முழுக்க வாரிசுகள். பழைய பொம்மையைப் புதுப்பிக்கும் வீடியோக்கள். பார்க்காதவர் யாராவது இருக்கிறீர்களா? துருப்பிடித்த ஒரு தகர லாரி. பேச்சே கிடையாது. இரண்டு கைகள் மட்டும். திருகைக் கழற்றுவார்கள். பெயின்ட் கரைப்பானில் ஊற வைத்துத் தோலை உரிப்பார்கள். உப்புத்தாளால் தேய்ப்பார்கள், இல்லாவிட்டால் மணலைப் பீய்ச்சி அடிப்பார்கள். ஸ்பிரே பெயின்ட். புது ஸ்டிக்கர். கடைசியில் மேஜை மேல் சுழலும் பளபள லாரி.

இந்த வீடியோக்களின் மேல் எனக்கு மூன்று புகார்கள்.

முதல் புகார், கதை சொல்லும் விதம். இவற்றில் 'முன்பு' என்பது வில்லன், 'பின்பு' என்பது ஹீரோ. துரு, கீறல், நெளிசல் எல்லாம் ஒரே கட்சி, ஒழிக்கப்பட வேண்டியவை. ஆனால் துரு வேறு, கீறல் வேறு. துரு ஒரு நோய். இன்னும் பரவும். கீறல் என்பது ஒரு நாள் சாயந்திரம் யாரோ ஒரு பையன் அந்த லாரியை மாடிப்படியில் உருட்டிவிட்டதன் கணக்கு. அது பரவாது, யாரையும் கெடுக்காது. இரண்டையும் ஒரே உப்புத்தாளால் தேய்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள நேரமில்லை. 'இதைச் செய்யலாமா, வேண்டாமா' என்று அந்தக் கைகள் ஒரு விநாடி தயங்கி நான் பார்த்ததில்லை. தயங்கினால் வீடியோ நீளமாகிவிடும்.

இரண்டாவது, பணம். பழைய பொம்மை சேகரிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்த காரைவிட, கீறலும் உதிர்தலுமாக அசல் பெயின்ட்டோடு இருக்கும் காருக்குத்தான் பொதுவாக விலை அதிகம். அந்தக் கிழவரைக் கூப்பிட்ட வியாபாரி, பாதி விஷயம் தெரிந்தவன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். உடம்பு. பழைய பொம்மைகளின் பெயின்ட்டில் ஈயம் இருப்பது சகஜம். அமெரிக்காவில் 1978-ல்தான் வீட்டுப் பெயின்ட்டிலும் பொம்மைகளிலும் ஈயத்துக்குத் தடை வந்தது. நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல்தான் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2017-ல். அப்படியென்றால் உங்கள் பரணில் இருக்கும் சாமான் எந்தக் காலத்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயின்ட்டை உலர்ந்தபடி உப்புத்தாளால் தேய்த்தால் கிளம்புவது ஈயத் தூசி. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதில் மருத்துவ உலகில் இரண்டாவது கருத்து இல்லை. ஹாலில் பேப்பரை விரித்துப் போட்டு, பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, 'தாத்தா பாரு எப்படித் தேய்க்கிறேன்' என்பது பாசம் இல்லை, விபரீதம்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். லட்சக்கணக்கில் அச்சடித்த மாதிரி வந்த ஒரு லாரி, துருப்பிடித்துக் குப்பைக்குப் போக இருந்தது, அதை ஒருவர் மாஸ்க் போட்டுக்கொண்டு பொழுதுபோக்காகப் புதுப்பித்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது. என் புகார் அந்த லாரியைப் பற்றி இல்லை. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கும் உங்கள் பாட்டியின் பொம்மையைக் கையில் எடுக்கிறீர்களே, அதைப் பற்றி.

*

மியூசியத்தில் இதே வேலையைச் செய்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? ஒரு கரடியைப் பார்ப்போம்.

1921-ல் லண்டன் ஹாரட்ஸ் கடையில் ஒரு கரடி பொம்மை வாங்கப்பட்டது. வாங்கியது ஏ.ஏ. மில்ன் குடும்பம். குழந்தை கிறிஸ்டோபர் ராபினின் முதல் பிறந்தநாளுக்கு. அந்தக் கரடிதான் பிறகு உலகம் பூராவும் தெரிந்த வின்னி த பூ. கூட்டாளிகளான பன்றிக்குட்டி, கழுதை, கங்காரு, புலி எல்லாம் நிஜப் பொம்மைகள்தான். குட்டிக் கங்காரு 1930-களில் ஒரு பழத்தோட்டத்தில் தொலைந்துபோனது, அவ்வளவுதான். மற்ற ஐந்தும் அமெரிக்கா போய், 1987 முதல் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. 2016-ல் அவற்றுக்குப் பழுது பார்த்து மறுபடி கண்ணாடிக்குள் வைத்தார்கள்.

பார்த்தால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். கரடிக்கு இன்னும் பல இடங்களில் ரோமம் இல்லை. ஒரு பையன் வருஷக்கணக்கில் இடுக்கிக்கொண்டு திரிந்து தேய்த்த தேய்மானம் அப்படியே இருக்கிறது. புது ரோமம் நட்டு, மூக்குக்குப் பாலிஷ் போட்டுக் கடையில் வாங்கியது போல ஆக்குவது அவர்களுக்குப் பெரிய காரியமா? செய்யவில்லை. செய்திருந்தால் அது ஹாரட்ஸ் கரடி ஆகியிருக்கும், கிறிஸ்டோபர் ராபினின் கரடியாக இருந்திருக்காது. ஹாரட்ஸ் கரடியைப் பார்க்க எதற்கு ஜனங்கள் வரிசையில் நிற்க வேண்டும்?

இங்கேதான் 'டாய் ஸ்டோரி 2' மீது எனக்கு ஒரு வருத்தம். படம் மியூசியத்தை வில்லனின் கூட்டாளி மாதிரி காட்டுகிறது. கண்ணாடிப் பெட்டி என்றால் சிறை, பையனின் அறை என்றால் சொர்க்கம். ஆனால் உருப்படியான எந்த மியூசியக்காரரும் பூட்ஸ் அடியில் இருக்கும் பெயர் மேல் பெயின்ட் அடிக்க விடமாட்டார். அந்தப் பெயரைத்தான் முதலில் போட்டோ எடுப்பார். எழுத்தின் நீளம், அகலம், எந்த மை என்று குறிப்பு எழுதிவைப்பார். பெயரை அழிக்கச் சொன்னது வியாபாரம். பழியைப் படம் மியூசியத்தின் தலையில் போட்டுவிட்டது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கடைப்பிடிப்பது சுருக்கமாக இவ்வளவுதான். எதையும் தொடும் முன் போட்டோ எடு. தேவைக்கு மேல் ஒரு துளி செய்யாதே. செய்கிற எதையும் பின்னால் வருபவர் பிரித்து எடுக்க முடிகிற மாதிரி செய். ஒட்டுவதற்கு அவர்கள் பாரலாய்டு பி-72 என்ற பிசினை உபயோகிக்கிறார்கள். என்ன விசேஷம் என்றால், பல வருஷம் கழித்தும் அசிட்டோனில் கரைத்து ஒட்டைப் பிரித்துவிடலாம். நம் வீட்டு உடனடிப் பசை நேர் எதிர். அஞ்சு விநாடியில் ஒட்டும், கோணலாக ஒட்டினால் ஆயுசுக்கும் கோணல்.

*

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு படத்தை மூன்றாம் தடவை பார்த்தேன். என் அபிப்பிராயம் இன்னொரு முறை மாறியது.

படத்தின் பிற்பகுதியில், மியூசியத்துக்குப் போகவே முடிவு செய்துவிட்ட உட்டி, டி.வி.யில் தன் பழைய தொடரைப் பார்த்துக்கொண்டிருப்பான். தன் காலைத் திருப்புவான். பூட்ஸ் அடியில் இருக்கும் புதுப் பெயின்ட்டைச் சுரண்டுவான். உள்ளே ஆண்டியின் பெயர் அப்படியே இருக்கும். கதை அந்த இடத்தில்தான் திரும்புகிறது.

கவனித்தீர்களா? கிழவர் பெயரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. கரைப்பான் ஊற்றித் துடைக்கவில்லை. மேலே ஒரு பூச்சு, அவ்வளவுதான். சுரண்டினால் வந்துவிடுகிற பூச்சு. அவர் தெரிந்து செய்தாரா என்பது பிக்ஸாருக்கே வெளிச்சம். ஆனால் அவர் உப்புத்தாள்காரராக இருந்திருந்தால் உட்டி சுரண்டிய இடத்தில் ஒன்றும் இருந்திருக்காது. படமும் அங்கேயே முடிந்திருக்கும்.

இந்தப் படத்தில் மொத்தம் மூன்று ரிப்பேர் நடக்கிறது. ஒன்று கிழவருடையது. இரண்டாவது, குரல் போன பென்குயின். பொம்மைப் பெட்டியில் கிடந்த வேறொரு பீப்பீயைப் பொருத்தி அதைப் பாட வைத்துவிடுகிறார்கள். மூன்றாவது, கடைசியில் கை மறுபடி பிய்ந்து வீடு திரும்பும் உட்டிக்கு ஆண்டி தானே போடும் தையல். பஞ்சைக் கொஞ்சம் அதிகமாக அடைத்துவிடுகிறான். ஒரு கை மட்டும் ஜிம்முக்குப் போய் வந்தது போல இருக்கும். தொழில் சுத்தமாகப் பார்த்தால் முதல் ரிப்பேருக்கு நூறு மார்க், மூன்றாவதற்கு முப்பத்தைந்து. படம் மூன்றாவதைத்தான் கடைசியில் வைத்திருக்கிறது. அந்தக் கோணல் தையல் இனிமேல் அந்தப் பொம்மையின் சரித்திரத்தில் சேர்ந்துவிடும், அதை யாரும் பிரிக்கக்கூடாது என்பது போல. எனக்கு அதில் முழுச் சம்மதம்.

*

இப்போது என் சொந்தக் காரணம்.

எங்கள் அம்மாவுக்கு ஒரு பழக்கம். கொலுவுக்கு எந்தப் பொம்மை வாங்கினாலும் அதன் அடியில் பென்சிலால் எழுதிவிடுவாள். வருஷம், விலை, எங்கே வாங்கியது, சில சமயம் எதற்காக என்று. மண் பொம்மையின் அடிப்பாகம் பூசாமல் சொரசொரப்பாக இருக்கும் இல்லையா, அங்கே.

ஒரு கிருஷ்ணர் பொம்மை. புல்லாங்குழல் உடைந்து, மூக்கில் வர்ணம் உதிர்ந்து இருந்தது. முதல் சம்பளம் வாங்கிய ஜோரில், அம்மாவுக்கு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று அவளிடம் சொல்லாமல் பெயின்ட் அடிக்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது கிருஷ்ணர் எனாமல் பெயின்ட்டில் பிரிட்ஜ் மாதிரி பளபளத்தார். சீரியல் கதாநாயகி போல கண் மை. அடிப்பாகம் சுத்தமாகத் தேய்த்து, கறுப்புப் பெயின்ட்.

அம்மா கையில் வாங்கினாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்குப்பா" என்று சொல்லி மூன்றாவது படியில் வைத்தாள்.

அங்கே என்ன எழுதியிருந்தது என்று தங்கைதான் பிற்பாடு சொன்னாள். நான் பிறந்த வருஷ நவராத்திரிக்கு, கைக்குழந்தையோடு போய் வாங்கிய கிருஷ்ணர் அது. நான் சுரண்டிப் பார்த்தேன். மேல் பெயின்ட் வந்தது. உள்ளே மண்தான் இருந்தது.

பெயின்ட் அடித்தவர் மேல் தப்பே இல்லை. புதுசு மாதிரி வேண்டும் என்று நான் கேட்டேன், புதுசு மாதிரி கொடுத்தார்.

*

எனவே, பெட்டியை இறக்கியவர்களுக்குச் சில வார்த்தைகள். வாத்தியார்த்தனம் என்று நினைத்தால் பரவாயில்லை.

மண் பொம்மையையும் காகிதக்கூழ் பொம்மையையும் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பழைய வர்ணம் பல சமயம் தண்ணீர் பட்டாலே கையோடு வந்துவிடும். மிருதுவான, உலர்ந்த பிரஷ் போதும். உடைந்த சில்லு கிடைத்தால் அவசரமாக ஒட்டாமல், ஒரு காகித உறையில் போட்டு, எந்தப் பொம்மையினுடையது என்று எழுதி வையுங்கள். நாளைக்கு நன்றாக ஒட்டத் தெரிந்தவர் கிடைப்பார். சில்லு போய்விட்டால் கிடைக்காது.

சென்னப்பட்டணம் பாணி மரப் பொம்மைகளின் பளபளப்பு அரக்கால் வந்தது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். சானிடைசர் போட்டுத் துடைத்தால் கிருமியோடு வர்ணமும் போகும். மரப்பாச்சிக்கு எண்ணெய் பூசினால் அன்றைக்கு மினுங்கும், பிறகு தூசி அப்பிக்கொள்ளும். உலர்ந்த துணி போதும்.

தகரப் பொம்மைகளில் இருக்கும் படம் அச்சடித்தது. தேய்த்தால் திரும்ப வராது. பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் லேசாக நனைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் வர்ணம் வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். வராவிட்டால் தொடருங்கள், உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பாட்டரி பொம்மையாக இருந்தால் பாட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், அது காரம்.

ஒட்டுகிற மாதிரி பிசுபிசுக்கும் பழைய பிளாஸ்டிக் பொம்மை அழுக்கானது இல்லை. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற சரக்கு வெளியே வருகிறது. தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், முகம் கரைந்துவிடும். கான்கிரீட் கூரைக்கு அடியில் கொதிக்கும் பரண், பிளாஸ்டிக்குக்கு எமன். கீழ் அலமாரிக்கு மாற்றுங்கள்.

நூறு வருஷத்துக்கு முன் ஜப்பானிலிருந்து நிறைய வந்த, எடையே இல்லாத செல்லுலாய்டு பொம்மை யார் வீட்டிலாவது இருந்தால் ஜாக்கிரதை. 2014 வரை சர்வதேசப் போட்டிகளில் ஆடிய பிங்பாங் பந்தும் அதே சரக்குதான். தீக்குச்சி பட்டால் குப்பென்று பிடிக்கும். கொலுப்படியில் விளக்கு ஏற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவிலும் அடைக்காதீர்கள். அதிலிருந்து வரும் அமில ஆவி அதையே தின்னும், பக்கத்தில் இருப்பதையும் தின்னும்.

துணிக் கரடியில் பூச்சி இருந்தால் மருந்து அடிக்க வேண்டாம். பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகிற பிரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு, அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைப் பிரிக்காதீர்கள். மண், மரப் பொம்மைகளுக்கு இந்த வைத்தியம் ஆகாது.

சுற்றி வைக்க, செய்தித்தாளை விடத் துவைத்த பழைய வேட்டி மேல். கஞ்சி போடாதது.

பெயின்ட் உதிரும் பழைய பொம்மை எதையும், அது எவ்வளவு அருமையாக இருந்தாலும், வாயில் வைக்கும் வயசுக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். பொம்மை என்றால் விளையாடத்தான் என்று ஆண்டியின் படம் சொல்லும். அந்தப் படத்தில் ஈயம் கிடையாது.

*

தங்கைக்கு போன் செய்தேன். "யாருக்கும் குடுக்காதே. முதல்ல ஒவ்வொண்ணையும் மெத்தை மேல வெச்சுத் திருப்பிப் பாரு" என்றேன்.

"எதுக்குண்ணா?"

"பாரேன்."

அன்று ராத்திரி போட்டோக்கள் வந்தன. வரிசையாகப் பொம்மைகளின் அடிப்பாகங்கள். பாதிக்கு மேல் அம்மாவின் கையெழுத்து. சிலது பாதி அழிந்து, சிலது நேற்று எழுதினது மாதிரி. கடைக்காரச் செட்டியாருக்கு ஒரு காது உடைந்திருக்கிறது, வேட்டியின் கரை முழுக்கப் போய்விட்டது. அடியில், '1971. மூன்று ரூபாய். நாலு சொன்னான்.'

செட்டியார் இந்த வருஷம் உடைந்த காதோடுதான் கடை நடத்தப் போகிறார். கிருஷ்ணரையும் பக்கத்திலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன், அந்தப் பிரிட்ஜ் பெயின்ட்டோடு. அதுவும் எங்கள் வீட்டில் நடந்ததுதானே.

நீங்களும் இன்று திருப்பிப் பாருங்கள். இருந்தால் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால், இந்த வருஷம் வாங்கும் புதுப் பொம்மையின் அடியில் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும், மங்கும். பென்சிலால் எழுதுங்கள். வருஷமும் விலையும் போதும். யாராவது பேரம் பேசியிருந்தால் அதையும்.